குரங்குக்குப் பின்னால் போக ஆசைப்படும் மகள்: ஓர் அண்ணாச்சிக்குப் பதில்

அண்ணாச்சி, வணக்கம். "உயிரியல்ல நல்ல மார்க்கு எடுக்கா, நர்சிங் கிர்சிங் படிச்சு ஒரு வேலைல உக்காருவான்னு பார்த்தா, காட்டுல குரங்குக்குப் பின்னால போவேங்கா. இதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" என்று எழுதியிருந்தீர்கள். சம்பளத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் குரங்கு.

உங்கள் கடை வாசலில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற அதே மலையில்தான் சிங்கவால் குரங்கு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். மரத்தை விட்டு அநேகமாகத் தரையிறங்காது. நடுவில் ஒரு தோட்டத்துக்காகக் காட்டை வெட்டிவிட்டால், அந்தப் பக்கத்துக் கூட்டம் அந்தப் பக்கமே முடங்கிவிடும். அதைக் காக்க வேண்டும் என்றுதான் 1976-ல் களக்காடு சரணாலயம் வந்தது. 1988-ல் அதைப் பக்கத்து முண்டந்துறை சரணாலயத்தோடு சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆக்கினார்கள். தாமிரபரணி அந்தக் காட்டில்தான் பிறக்கிறது. உங்கள் வயலுக்கு வருகிற கால்வாய்த் தண்ணீரும் அங்கிருந்துதான். ஆகவே, குரங்குக்குப் பின்னால் போய் அது எத்தனை, எந்தக் கிளையில் எதைத் தின்கிறது என்று எழுதி வைப்பது வெட்டிவேலை இல்லை. ஆனால் அந்த வேலை உங்கள் மகளுக்குச் சரிப்படுமா என்பது தனிக் கேள்வி.

அவள் என்னோடு போனில் பேசினாள். பேச்சில் பெரும்பகுதி ஊதாத் தவளை. வருடம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து கறையான் தின்று, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் முட்டையிட வெளியே வருகிற தவளை. 2003-ல் கேரள மலையில் கிடைத்ததாக உலகத்துக்கு அறிவித்தார்கள். அதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் இந்தியப் பெருங்கடலில் செஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். 2017-ல் அதன் இன்னொரு இனத்தை நம் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் கண்டு, மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரை வைத்தார்கள். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"சரிம்மா, அது வேறு இனம் என்று எப்படி முடிவு கட்டினார்கள்?" என்று கேட்டேன். அமைதியாகிவிட்டாள். உடலை அளந்து, கத்தும் ஒலியைப் பதிவு செய்து, மரபணுவை ஒப்பிட்டு, மற்ற தவளையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு கட்டினார்கள். அதிசய விலங்கு வீடியோ பார்ப்பதற்கும் இந்தத் துறைக்கும் உள்ள தூரம் இதுதான். அந்தத் தூரத்தை அவள் கடப்பாளா என்று நீங்களோ நானோ உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, செலவும் பெரிதாக இல்லை.

2011-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தினர் முன்னின்று நடத்துகிறார்கள். கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள் என்று யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். அவளை அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். விடியற்காலையில் குளத்துக் கரையில் நிற்க வேண்டும். எதிரே நூற்றுக்கணக்கில் நாமக்கோழி, நடுநடுவே தாழைக்கோழி. இரண்டும் கறுப்பு, நாமக்கோழிக்கு நெற்றியில் வெள்ளை, தாழைக்கோழிக்குச் சிவப்பு. ஒரு கூட்டத்தில் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, பத்துப் பத்தாகத் தாண்டி எண்ண வேண்டும். பாதி எண்ணும்போது ஒரு பருந்து தாழப் பறக்கும், மொத்தக் கூட்டமும் எழுந்து இடம் மாறும். திரும்ப முதலிலிருந்து. நோட்டில் நேரம், குளத்தின் பெயர், தண்ணீர் எவ்வளவு, கரையில் என்ன நடக்கிறது, எல்லாம் எழுத வேண்டும். அபூர்வப் பறவை ஒன்றுகூட வராத நாளிலும் இதே பொறுமையோடு எழுதிவிட்டு வந்து "அடுத்த குளம் எப்போ?" என்று கேட்டாள் என்றால், அண்ணாச்சி, நீங்கள் தடுத்தாலும் நிற்கமாட்டாள். "ஒண்ணுமே இல்லை, போர்" என்று வந்தாள் என்றால் அதுவும் நல்லதுதான். நாலு வருடக் கல்லூரிக் கட்டணம் மிச்சம்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே வரும். ஏழாயிரம் மீட்டருக்கு மேலேகூட அது பறந்ததைக் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள். ஆனால் அவளைப் பறவையை மட்டும் பார்க்க விடாதீர்கள். பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்குள்ள பெரியவர்களிடம் பேசச் சொல்லுங்கள். வனப் பாதுகாப்பில் பாதிக்கு மேல் மனுசனோடு பேசுகிற வேலை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர் நீங்கள். சாமி கும்பிட வந்தவர்களை நோகடிக்காமல் காட்டையும் காக்கும் வேலைக்குப் புலியைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது.

இனிப் படிப்பு. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இளநிலையிலேயே "வனவிலங்கு" என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி அலைய வேண்டாம். கதவுகளை மூடாத ஒரு பட்டம் முதலில், காடு அப்புறம். உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் முதலில் சொல்வது கால்நடை மருத்துவம். பி.வி.எஸ்சி. பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம். நம் ராமையன்பட்டியிலேயே கல்லூரி இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைக்கின்றன, நீட் வேண்டாம். போட்டி கடுமைதான். ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அவளுக்கு உண்டு. யானைக்கு மயக்க ஊசி போடுகிறவரும் கால்நடை மருத்துவர்தான். காட்டு வேலை அமையாவிட்டால் மாடு, ஆடு இருக்கவே இருக்கிறது.

அது கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நாலு வருட வனவியல். அதுவும் இல்லை என்றால் பாளையங்கோட்டையில் விலங்கியல். மூன்றாவது என்பதால் மட்டம் என்று நினைக்காதீர்கள். விலங்கியல் முடித்தவர்கள் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலும், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும், மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு முதுநிலைக்குப் போகலாம். முதல் இரண்டும் நாடு முழுக்கப் போட்டி. இடம் மிகக் குறைவு. பக்கத்திலேயே வேண்டும் என்றால் ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் புள்ளியியலையும் ஆங்கிலத்தில் வாசிப்பதையும் விட்டுவிடக் கூடாது. தமிழ் வழியில் படித்ததற்காகப் பயப்பட வேண்டாம், தினம் ஒரு பக்கம் வாசித்தால் பழகிவிடும்.

சம்பளம். தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2023-லிருந்து இந்தத் தொகை. அது இல்லாமல் ஆய்வுத் திட்டங்களில் சேர்ந்தால் அதைவிடக் குறையும், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். முப்பது வயதுவரை நிலை இல்லாமல் ஓடுவதற்கு வீட்டில் தாங்குதல் வேண்டும். இதை அவளுக்கும் சொல்லிவிடுங்கள். நிலையான சம்பளம் அரசு வேலையில். டி.என்.பி.எஸ்.சி. மூலம் உதவி வனப்பாதுகாவலர், வனச்சரகராக ஆகிற வனத்தொழில் பழகுநர் பதவிகள் வருகின்றன. 2024 குரூப் 4 தேர்வில் வனக்காப்பாளர் பணியிடமும் இருந்தது. மேலே யு.பி.எஸ்.சி.யின் இந்திய வனப்பணி. அதில் பெண்கள் நாலு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும், ஆகவே இப்போதே கால்வாய்க் கரையில் நடக்கப் பழகட்டும்.

பொம்பளைப் பிள்ளை காட்டில் எப்படி என்ற பயம் நியாயமானது. தனியாக யாரும் போவதில்லை. வழி தெரிந்த, அந்த மலையின் பழங்குடிகளான காணி மக்களோ வனத்துறை ஆளோ கூட இருப்பார்கள். எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் கூட வருவது யார், தங்குவது எங்கே, அவசரத்துக்கு வண்டி உண்டா என்று அவளே கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. பாம்பைக் கையில் பிடித்து வீடியோ போடும் கும்பலோடு அவள் சேர வேண்டாம். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றமாகும், எறும்புத்தின்னியும் தேவாங்கும் என்றால் கேட்கவே வேண்டாம். மூன்று நாள் முகாமுக்குப் பல ஆயிரம் வாங்கிக்கொண்டு "வனவிலங்கு நிபுணர்" சான்றிதழ் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு எந்த நேர்காணலிலும் மதிப்பில்லை. அந்தக் காசுக்குச் சுமாரான ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள்.

ரிசல்ட் வந்ததும் கால்நடை மருத்துவத்துக்குக் கால்நடைப் பல்கலைக்கழகம், வனவியலுக்கு வேளாண் பல்கலைக்கழகம், இரண்டுக்கும் ஆன்லைனில் விண்ணப்பியுங்கள், ஒன்றை நம்பி மற்றதை விடாதீர்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான் என்றால் அந்தச் சான்று, நாலையும் இப்போதே இ-சேவை மையத்திலும் பள்ளியிலும் கேட்டு வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் சர்வர் படுத்துக்கொள்ளும்.