சர்ச்சைக்குரிய நாவலைப் படமாக்கும்போது கதையை ஏன் மாற்றுகிறார்கள்?

திரைத்தழுவல் என்றால், எழுத்தில் இருப்பதைக் காட்சியாலும் ஒலியாலும் திரும்பச் சொல்வது. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இரண்டு மணி நேரப் படத்துக்கு 120 பக்கம்தான். 300 பக்க நாவல் அதில் அடங்காது. தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில், பன்னி சோ (ரொட்டிக்குள் கறி நிரப்பிய உணவு) கட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும்: கால் ரொட்டியைக் குடைந்த குழிக்குள் சட்டிக் கறி முழுதும் போகாது. கறித்துண்டு, உருளைக்கிழங்கு முதலில். குழம்பை அளந்துதான் ஊற்ற வேண்டும். கூடினால் ரொட்டி அடியில் ஊறிப் பிய்ந்துவிடும்.

ஆந்த்ரே பிரிங்க்கின் 'எ டிரை ஒயிட் சீசன்' (1979) இங்கே அப்போது தடை செய்யப்பட்ட நாவல். போலீஸ் காவலில் இறந்த கறுப்பினத்தவருக்காக நியாயம் தேடும் வெள்ளை ஆசிரியரின் கதை. அந்த ஆசிரியர் விட்டுச்சென்ற காகிதங்களை வைத்து இன்னொரு எழுத்தாளர் அதைச் சொல்கிறார். 1989 படத்தில் இயக்குநர் யூசான் பால்சி அந்தக் கதைசொல்லியை எடுத்துவிட்டு, கறுப்பினக் குடும்பத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்தார். மிகச் சரியான முடிவு. ஒருவர் காகிதம் படிப்பதைக் கேமரா எவ்வளவு நேரம்தான் காட்டும்? படப்பிடிப்பு நடந்தது ஜிம்பாப்வேயில்.

மாற்றினாலே தணிக்கைக்குப் பயந்து மழுப்பிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்தப் படத்தின் முடிவில், ஆசிரியருக்கு உதவிய கறுப்பின டாக்ஸி ஓட்டுநர் ஸ்டான்லி, கொடுமை செய்த போலீஸ் அதிகாரியைச் சுட்டுக்கொல்கிறார், நாவலில் அது கிடையாது.