ஃபுல்பிரைட்–நேரு உதவித்தொகை: மகளை அனுப்பத் தயங்கும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் மலைக்கிராமங்களில் நான்காண்டுகளாகப் பணியாற்றிவரும் தங்கள் மகள், அமெரிக்காவில் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்புக்காக ஃபுல்பிரைட்–நேரு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். அரசாங்கமே செலவை ஏற்கும் என்பதை நம்பலாமா என்றும், படித்து முடித்தவுடன் திரும்பிவிட வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் போய் என்ன பயன் என்றும் வீட்டில் பேச்சு எழுந்திருப்பதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவது கேள்விதான் ஆழமாக யோசிக்க வேண்டியது. அதற்கு உங்கள் குடும்பம் காணும் விடையைப் பொறுத்தே விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இது ஏதோ ஒரு பல்கலைக்கழகம் தரும் கட்டணச் சலுகை அன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த அமெரிக்கப் போர்த்தளவாடங்களை விற்றுக் கிடைக்கும் பணத்தை மாணவர், ஆசிரியர் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்று ஆர்கன்சா மாநில செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டம், 1946 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ட்ரூமனின் கையெழுத்தைப் பெற்றது. இந்தியாவோடு இதற்கான ஒப்பந்தம் 1950 பிப்ரவரி 2 அன்று ஏற்பட்டது. இந்தியாவின் சார்பில் பிரதமர் நேருவும், அமெரிக்காவின் சார்பில் தூதர் லாய் ஹென்டர்சனும் அதில் கையெழுத்திட்டார்கள். 2008-இல் செய்துகொள்ளப்பட்ட புதிய ஒப்பந்தத்தின்படி இந்திய அரசும் நிதி அளித்துச் சமபங்காளி ஆனது; அதன் பிறகே நேருவின் பெயரும் சேர்ந்தது. அமெரிக்க–இந்தியக் கல்வி அறக்கட்டளை இதை நடத்துகிறது. அதன் தலைமையகம் புதுதில்லியில் இருக்கிறது. சென்னையிலும் ஒரு மண்டல அலுவலகம் உண்டு. ஆகவே, இதன் உண்மைத்தன்மை பற்றித் தாங்கள் ஐயப்பட வேண்டியதில்லை. விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. “எங்கள் மூலம் போனால் கிடைத்துவிடும்” என்று பணம் கேட்கும் முகவர் எவராக இருந்தாலும் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

திரும்பி வருவதை நான் ஏன் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன் என்பதை நம் ஊரோடு தொடர்புடைய இருவரைக் கொண்டு சொல்லலாம். வீணை தனம்மாளின் பேரனும் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பியுமான புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதன், 1958-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலிஸ் சென்று இனஇசையியல் (பல்வேறு சமூகங்களின் இசையை ஆராயும் துறை) பயின்றார். ஊர் திரும்பியவர், சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை ஏற்றார். அவரிடமும் அவருடைய சகோதரர் மிருதங்கக் கலைஞர் ரங்கநாதனிடமும் நம் இசையைக் கற்ற அமெரிக்க இளைஞர் ஜான் ஹிக்கின்ஸ், அதே ஃபுல்பிரைட் உதவியோடு இந்தியா வந்து, திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையில் பாடும் அளவுக்குத் தேர்ந்தார். இரசிகர்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே அழைத்தார்கள். விஸ்வநாதன் பிற்காலத்தில் மீண்டும் அமெரிக்கா சென்று வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போனவர் கற்றதோடு வந்தார், வந்தவர் கற்றதோடு போனார். இரண்டு நாடுகளும் பணம் போடுவது இந்தப் போக்குவரத்துக்காகத்தான். குடியேற விரும்புவோருக்கு வழி அமைத்துக் கொடுப்பது இதன் நோக்கமே இல்லை.

இனி, திரும்பி வரும் விதியைத் தெளிவாகப் பார்ப்போம். இதில்தான் அரைகுறைச் செய்திகள் அதிகம் உலவுகின்றன. இந்த உதவித்தொகையில் செல்பவருக்குக் கிடைப்பது பரிமாற்றத் திட்டங்களில் வருவோருக்கான ஜே-1 விசா. அரசு நிதியில் ஜே-1 விசா பெற்றவர் படிப்பு முடிந்தபின் மொத்தம் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 212-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த இரண்டு ஆண்டுகள் நிறையும்வரை எச்-1பி போன்ற வேலை விசாவோ, நிறுவனத்துக்குள் மாற்றலாகிச் செல்பவருக்கான எல் விசாவோ, அமெரிக்கக் குடிமகனை மணக்கவிருப்பவருக்கான கே விசாவோ, கிரீன் கார்டோ பெற முடியாது. எனினும் இது அமெரிக்க மண்ணை மிதிக்கவே கூடாது என்ற தடை அன்று. இந்தியா திரும்பியபின், ஒரு மாநாட்டுக்காகக் குறுகிய கால வருகையாளர் விசாவிலோ, முனைவர் பட்டப் படிப்புக்காக எஃப்-1 மாணவர் விசாவிலோ மீண்டும் செல்ல இந்த விதி குறுக்கே நிற்பதில்லை. இரண்டு ஆண்டுகளையும் ஒரே மூச்சில் கழிக்க வேண்டும் என்பதும் இல்லை. இந்தியாவில் இருக்கும் நாட்களைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். ஆனால் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேரா.

தங்கள் மகளின் திருமணம் பற்றிய கவலையைக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். படிக்கும் காலத்தில் கணவர், ஜே-1 பெற்றவரின் குடும்பத்தாருக்கான ஜே-2 விசாவில் உடன் சென்றால், மனைவிக்குள்ள இரண்டாண்டு விதி அவருக்கும் பொருந்தும். அவருடைய பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் இந்த உதவித்தொகையில் இடமில்லை. அமெரிக்காவிலேயே நிலையாக வேலை பார்க்கும் மாப்பிள்ளையைத் தாங்கள் மனத்தில் வைத்திருந்தால், திருமணம் நடந்துவிட்டது என்பதற்காக மட்டும் இந்த விதி நீங்கிவிடாது. விலக்குக் கோர சட்டத்தில் வழிகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் இரு அரசுகளின் பணத்தில் படித்தவருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போவது நேர்மையும் ஆகாது. இந்த விவரங்களை மகளோடு மனம்விட்டுப் பேசி, அவருடைய எண்ணத்தைக் கேட்டறிந்த பிறகே முடிவெடுங்கள். அமெரிக்காவில் வேலை பார்க்க வேண்டும் என்பதே அவருடைய உள்ளத்து விருப்பம் என்றால் அதில் தவறேதும் இல்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது, இந்த இடத்தை வேறொருவருக்கு விட்டுவிடுவதே முறை.

எனக்குத் தெரிந்தவரை தங்கள் மகளின் நிலை வேறு. மலைக்கிராமங்களில் அவர் செய்துவரும் வேலை இங்கேதான் இருக்கிறது. படித்துவிட்டு அதற்கே திரும்ப விரும்புகிறார். அப்படிப்பட்டவருக்கு இந்த இரண்டாண்டு விதி ஒரு சுமையே அன்று. நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிப் படித்தவர், அந்தக் கடனை டாலரில் சம்பாதித்துத்தான் அடைக்க முடியும் என்ற நெருக்கடியில் மாட்டிக்கொண்டு, திரும்பும் விருப்பம் இருந்தும் திரும்ப முடியாமல் போவதைப் பல குடும்பங்களில் பார்க்கிறோம். கட்டணம், வாழ்க்கைச் செலவு, போகவர விமானப் பயணம், விபத்து–நோய்க் காப்பீடு ஆகியவை உதவித்தொகையில் அடங்குவதால் தங்கள் மகளுக்கு அந்த நெருக்கடி வராது. ஆனாலும், தேர்வானால் கைக்கு வரும் நல்கைக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள்: எந்தத் தொகை எதற்கு, எத்தனை மாதங்களுக்கு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். காப்பீடும் எல்லா வகைச் சிகிச்சைக்குமான முழுக் காப்பீடு அன்று; பல், கண் தொடர்பான சிகிச்சைகளை இங்கேயே முடித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

தகுதியைப் பொறுத்தவரை அவருக்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை. நான்காண்டு இளநிலைப் பட்டம் வேண்டும். நர்சிங் படிப்பு நான்காண்டு. மூன்றாண்டுப் பட்டம் மட்டும் பெற்றவர்கள் முதுநிலைப் பட்டமும் முடித்திருக்க வேண்டும். குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணும், ஊதியத்துடன் கூடிய முழுநேரப் பணியில் மூன்றாண்டு அனுபவமும் கேட்கிறார்கள். அமெரிக்கப் பட்டம் ஏற்கெனவே பெற்றவரோ அங்கே பட்டப்படிப்பில் சேர்ந்திருப்பவரோ விண்ணப்பிக்க இயலாது. பொதுச் சுகாதாரம் அனுமதிக்கப்பட்ட துறைகளில் ஒன்றாகவே இருந்துவருகிறது. இருப்பினும், துறைப் பட்டியலும் நிபந்தனைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. எந்த ஆண்டு விண்ணப்பிக்கிறாரோ அந்த ஆண்டின் அறிவிப்பை மட்டுமே ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

பலரும் கடைசி வாரத்தில் தடுமாறுவது ஒரே ஒரு தாளில்தான்: பணியளிப்பவரின் ஒப்புதல். வேலையில் இருப்பவர், உதவித்தொகைக் காலத்துக்கு விடுப்புத் தருவோம் என்று தம் நிறுவனத்திடம் படிவத்தில் எழுதி வாங்கித் தர வேண்டும். தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலும் திட்ட நிதியை வைத்தே பணியிடங்கள் அமைகின்றன. ஓராண்டோ இரண்டாண்டோ ஒரு பணியிடத்தைக் காத்து வைப்பதாக எழுதித் தர நிர்வாகத்துக்குத் தயக்கம் இருக்கலாம், நிர்வாகக் குழு கூடிப் பேச வேண்டியிருக்கலாம். அதற்குக் காலம் பிடிக்கும்.

அடுத்ததாக, அவர் எனக்கு அனுப்பிய படிப்பு நோக்கக் கட்டுரையின் வரைவு. “சிறுவயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு” என்று அது தொடங்குகிறது. அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் மூன்றாவது பத்தியில் அவர் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: கர்ப்பிணிகளுக்கு அவர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகள் பல வீடுகளில் அட்டை பிரிக்கப்படாமலேயே கூரைச் சந்தில் செருகிக் கிடந்தன, கேட்டபோது, மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப்போகிறது, அதைப் பார்த்து மாமியார் பயந்து நிறுத்திவிட்டார் என்று ஒரு பெண் சொன்னார், அதன் பிறகு தங்கள் மகள் மாமியார்களையும் உட்காரவைத்துப் பேசத் தொடங்கினார். கட்டுரை அங்கிருந்து தொடங்க வேண்டும். மாத்திரை வழங்கிய பதிவேட்டுக்கும் மாத்திரை உட்கொண்ட உண்மைக்கும் இடையிலுள்ள இடைவெளியை எப்படி அளப்பது, ஒரு பழக்கத்தை மாற்றும் முயற்சி பலித்ததா என்பதை எப்படிச் சோதிப்பது, இவற்றைக் கற்கத்தான் போகிறேன், கற்றபின் இந்த வேலையில் இதைச் செய்வேன் என்று எழுதினால், தேர்வுக் குழுவினர் அவரை நேர்காணலுக்கு அழைக்க ஒரு காரணம் கிடைக்கும். பரிந்துரைக் கடிதங்களையும், அவர் வேலையைக் கண்ணால் பார்த்தவர்களிடமே வாங்கச் சொல்லுங்கள். பதவியில் பெரியவர் ஒருவர் தரும் பொதுப்படையான பாராட்டைவிட, களத்தில் மேற்பார்வையிட்ட மருத்துவ அலுவலர் விவரமாக எழுதும் ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

போட்டி கடுமையானது. கிடைக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு என்பதால் இதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கானது. 2,800 மணிநேரப் பணி அனுபவம் கேட்கிறார்கள், முடித்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கும் உண்டு. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்கு உதவுகிறது. அதில் பொதுச் சுகாதாரமும் அடங்கும், இரண்டாண்டுப் பணி அனுபவம் போதும். ஒரு கட்டுரையைச் செம்மையாக எழுதிவிட்டால் மற்றவற்றுக்கு அதை ஒட்டி எழுதிக்கொள்வது கடினமில்லை.

ஃபுல்பிரைட்–நேரு முதுநிலை விண்ணப்பங்கள் வழக்கமாக மே மாதத்தில் முடிவடைகின்றன. தேர்வானவர்கள் புறப்படுவது அடுத்த ஆண்டின் கோடைக்குப் பிறகுதான். ஆகையால் வீட்டில் பேசி முடிவெடுக்கத் தங்களுக்குப் போதிய அவகாசம் இருக்கிறது. விடுப்பு ஒப்புதலுக்கு அந்த அவகாசம் இல்லை. மகள் இந்த மாதமே நிறுவன இயக்குநரைச் சந்தித்து, படிவத்தின் மாதிரியைக் காட்டி, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கும்படி கேட்கட்டும். திருத்திய கட்டுரையை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படித்துக் கருத்து எழுதுகிறேன்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்