சொந்தமாக எண்ணெய்க் கிணறே இல்லாத அமெரிக்காவின் வலேரோ, எப்படிப் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமானது?

அதன் பிறப்பே ஒரு வழக்குத் தீர்வில்தான். டெக்சாஸ் நகரங்களுக்கு மலிவு விலையில் எரிவாயு தருவதாக லோவாகா நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருந்தது. 1970களில் விலை எகிறியதும் சொன்னபடி கொடுக்க முடியாமல் கூடுதலாக வசூலித்தது, வழக்குகள் குவிந்தன. 1977-ல் அந்தக் கூடுதல் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது டெக்சாஸின் ரயில்ரோடு கமிஷன். (பெயர்தான் அப்படி, அங்கே எண்ணெய், எரிவாயுவைக் கட்டுப்படுத்துவது அதுதான்!) சமரசத்தின்படி, லோவாகா தன் தாய் நிறுவனமான கோஸ்டலிடமிருந்து பிரிந்து 1980-ல் வலேரோவாக உருவானது. அப்போது தலைவர் பில் கிரீஹி.

அப்புறம் டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் சுத்திகரிப்பு ஆலை. மற்றவர்கள் கழிக்கும் கனமான அடிமண்டி எண்ணெயை மலிவாக வாங்கிப் பெட்ரோலாக்குவது. லாபத்தின் சூட்சுமம் அதுதான். 1997-ல் எரிவாயுத் தொழிலைக் கைகழுவியது. பிறகு ஆலை ஆலையாக வாங்கிக் குவித்தது: 2001-ல் அல்ட்ராமர் டயமண்ட் ஷாம்ராக் நிறுவனம், 2005-ல் பிரெம்கோர் நிறுவனம்.