டோசிங் பம்ப் இருக்கட்டும், டெஸ்ட் கிட் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடல்நீர்த் தொட்டி பற்றியவை. கொளத்தூரில் நல்லதண்ணீர் மீன் வாங்கிப் பழகியவர்கள் பலர் உப்புத் தண்ணீர் பக்கம் வருகிறார்கள், சந்தோஷம். ஆனால் நாலு பேர் தொட்டியின் அளவையே எழுதவில்லை. எத்தனை லிட்டர் என்று தெரியாமல் எந்தக் கருவியையும் நான் சொல்ல முடியாது. அவர்கள் மறுபடி எழுதட்டும்.

மூன்றடித் தொட்டி, 190 லிட்டர். செடித் தொட்டியில் ஓடிய, தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் சும்மா கிடக்கிறது. அதையே போடலாமா, ஸ்கிம்மர் கட்டாயமா? (பெரம்பூர்)

ஓட்டலாம். ஆனால் உள்ளே இருக்கும் செராமிக் வளையங்களை எடுத்துவிட்டு, பஞ்சும் கார்பனும் மட்டும் வையுங்கள். பஞ்சை வாரம் ஒரு தடவை கழுவ வேண்டும். மூன்று மாதம் திறக்காமல் விடுவது செடித் தொட்டிப் பழக்கம். கடல் தொட்டியில் அப்படி விட்டால் தேங்கிய அழுக்கு மொத்தமும் நைட்ரேட்டாகத்தான் வெளியே வரும். பாக்டீரியா வேலையைத் தொட்டிக்குள் அடுக்கும் பாறை பார்த்துக்கொள்ளும்.

ஸ்கிம்மர் வாங்குங்கள். அழுக்கு சிதைந்து நைட்ரேட் ஆவதற்கு முன்பே நுரையோடு வெளியேற்றும் கருவி அது ஒன்றுதான். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டிக்கு 400 லிட்டர் என்று போட்டது சரியாக வரும். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) வைப்பதானால் அந்த அறையில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கக் கூடாது. பெரும்பாலானவற்றுக்கு ஏழெட்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் வேண்டும். புது ஸ்கிம்மர் முதல் வாரம் கன்னாபின்னாவென்று பொங்கும். பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், பழகட்டும்.

காசிமேட்டில் உறவினருக்குப் படகு இருக்கிறது. கடல் தண்ணீரே கிடைக்கும்போது உப்புக்கு ஏன் செலவு? (ராயபுரம்)

துறைமுகத் தண்ணீரில் டீசலும் மீன் கழிவும் இருக்கும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியதையும், 2023 டிசம்பர் புயல் மழையில் எண்ணூர்க் கழிமுகம் கறுத்துப்போனதையும் ராயபுரத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்கடலில் போய் மொண்டு வந்தாலும் வடகிழக்குப் பருவமழை நாட்களில் உப்பின் அளவு இறங்கியிருக்கும். 100 லிட்டருக்குச் சுமார் நாலு கிலோ ரீஃப் உப்பு. அந்தச் செலவைச் செய்யுங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 வர வேண்டும். அந்த மீட்டரையும் 35 காட்டும் திரவம் விட்டுத்தான் சரிபார்க்க வேண்டும், வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டினால் போதாது.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதாதா? (வில்லிவாக்கம்)

அப்படியே ஊற்றினால் போதாது. குடிப்பதற்கு ருசி வேண்டும் என்று கடைசியில் மினரல் கார்ட்ரிட்ஜும், சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) திருகும் பல மெஷின்களில் உண்டு. மினரலுக்கு முன்னால் குழாயைப் பிரித்து, திருகை மூடி, பிறகு ஒரு டி.ஐ. ரெசின் குடுவை மாட்டுங்கள். போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1000 என்றால் மெம்பிரேன் தாண்டியும் 50 வரை மிஞ்சும், அதை ரெசின் பிடிக்கும். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். மணலில் பழுப்புப் படலம் போகவே மாட்டேன் என்கிறது என்று எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நாலடித் தொட்டி, 250 லிட்டர். வைத்து ஐந்து வாரம். இரண்டு க்ளௌன் மீன், கொஞ்சம் ஸோவா பவளம், ஒரு லெதர் பவளம். கடையில் சொன்னதால் நாலு ஹெட் டோசிங் பம்ப்பும் (நாலு திரவத்தைத் தனித்தனியே அளந்து ஊற்றும்) கால்சியம், ஆல்கலினிட்டி (காரத்தன்மை), மெக்னீசியம் பாட்டில்களும் வாங்கிவிட்டேன். தினம் எத்தனை மில்லி வைக்கலாம்? (கொளத்தூர்)

பூஜ்யம் மில்லி.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பம்ப்பின் மாடல் இருக்கிறது, பாட்டிலின் நிறம்கூட இருக்கிறது. ஆல்கலினிட்டி எவ்வளவு என்ற ஒரு எண் இல்லை. இவற்றை அளக்கும் டெஸ்ட் கிட் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். வருஷக்கணக்காக இதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்: அளக்காததை ஊற்றாதீர்கள். எட்டாயிரம், பத்தாயிரத்துக்குப் பம்ப் விற்கிறவர் ஒரு ஆல்கலினிட்டி கிட்டைக் கையில் கொடுக்காமல் அனுப்புகிறாரே என்பதுதான் எனக்கு ஆற மாட்டாத வருத்தம்.

கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் தின்பவை எலும்புக்கூடு கட்டும் கல் பவளங்கள். பாறையில் படரும் ஊதா நிறப் பாசியும் கொஞ்சம் எடுக்கும். ஸோவா எலும்புக்கூடு கட்டுவதில்லை, லெதர் எடுப்பதும் சொற்பம். உங்கள் தொட்டியில் சாப்பிட ஆள் இல்லாதபோது யாருக்குப் பரிமாறப்போகிறீர்கள்?

இப்படிச் செய்யுங்கள். இன்று மாலை ஏழு மணிக்கு ஆல்கலினிட்டியை அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் தண்ணீர் மாற்றாமல், எதையும் ஊற்றாமல், அதே நேரத்தில் மறுபடி அளங்கள். அரை டிகேஎச் (ஆல்கலினிட்டியின் அலகு) கூட இறங்கவில்லை என்றால் வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினாலே போதும். ஒன்று, ஒன்றரை இறங்கினால் கையாலேயே ஈடுகட்டலாம்: உங்கள் அளவுக்கு ஒரு டிகேஎச் ஏற்ற ஏழெட்டு கிராம் சமையல் சோடா, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, வேவ்மேக்கர் (நீரோட்டம் தரும் பம்ப்) அடிக்கும் இடத்தில் மெதுவாக. ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் ஏற்றாதீர்கள். தினம் அரை இறங்கும் காலம் வந்தால் பம்ப்பை வெளியே எடுங்கள். 8 முதல் 9 வரை ஏதாவது ஒரு எண்ணில் நிலையாக நிற்பதுதான் முக்கியம். கால்சியம் 420 பக்கம், மெக்னீசியம் 1300 பக்கம் இருந்தால் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல என் அனுபவமும் காரணம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த வாரம், மின்சாரம் வந்து வந்து போயிற்று. என்னிடம் அப்போது இருந்த பம்ப் மின்சாரம் போனால் மணி நேரத்தை மறந்துவிடும். ஒவ்வொரு முறை கரண்ட் வந்தபோதும் முதல் டோஸிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. நான் அளந்தபோது ஆல்கலினிட்டி 14. தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, ஹீட்டர், பம்ப் எல்லாவற்றிலும் வெள்ளைப் பொருக்கு. ஆறு வருஷம் வளர்த்த லெதர் ஓரமெல்லாம் கரைந்து போயிற்று. அந்தத் தொட்டிக்கும் டோசிங் தேவைப்பட்டிருக்கவில்லை, கிட்டைத் தொடாமலே நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பம்ப்பை விற்க மனசில்லை என்றால் ஒரு ஹெட்டை மட்டும், தேவை வரும் நாளில் பயன்படுத்துங்கள். மாதம் ஒரு முறை அளவுக் குழாயில் விட்டு, பத்து மில்லி என்றால் பத்துதான் வருகிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் குழாய் தேயும். குழாயின் நுனி தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். முங்கினால் பாட்டில் முழுவதும் சைஃபனில் இறங்கிவிடும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம்தானே, கரைத்து விடலாமா? (தண்டையார்பேட்டை)

வேண்டாம். ரசாயனப்படி அதுவும் பவளத் தொட்டிக்குக் கரைத்து விடும் சுண்ணாம்பும் ஒன்றுதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் டப்பாவில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உணவுத் தரத்தில் தூளாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். அதைக் கரைத்துத் தெளிந்த நீரின் பி.எச். 12-க்கு மேல், ஆகவே இரவில் சொட்டுச் சொட்டாக மட்டும். அதற்கும் முன்னால், அளந்தீர்களா?

யு.வி. விளக்கு, ஓசோன் கருவி, கால்சியம் ரியாக்டர் (பவளத்துக்குக் கால்சியம் கரைத்துத் தரும் கருவி), இவற்றில் முதலில் எது வாங்க? (புளியந்தோப்பு)

எதுவும் இல்லை.

நண்பர் ராமேஸ்வரம் போகிறார். லைவ் ராக்கும் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் பாறை) இரண்டு பவளமும் கொண்டுவரச் சொல்லலாமா? பிளாஸ்டிக் பாறையைவிட ஃபில்டர் வேலை நன்றாகச் செய்யும் என்கிறார்கள். (மாதவரம்)

சொல்லாதீர்கள். கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்புதான் அதற்கும். செத்த பவளத்துண்டும் அதில் அடங்கும். கடல் விசிறியும் கடல் குதிரையும் அதே பட்டியல்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள திட்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டடக் கல்லுக்குமாகப் பல வருஷம் வெட்டப்பட்டவை, சூடேறிய கடலில் வெளுத்து மீள முடியாமல் தவிப்பவை. அங்கிருந்து ஒரு கைப்பிடி எடுப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன். நுண்துளையுள்ள செயற்கைப் பாறையும் ஒரு பாட்டில் பாக்டீரியாவும் போதும். ஒன்றரை மாதம் காத்திருந்தால் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வரும். கடையில் எந்தப் பவளம் வாங்கினாலும் எங்கிருந்து வந்தது என்ற காகிதத்தைக் கேளுங்கள்.

பட்ஜெட் குறைவு. சில்லரா, ஸ்கிம்மரா? மே மாதம் தண்ணீர் 32 தொடுகிறது. தொட்டி 250 லிட்டர். (திருவொற்றியூர்)

உங்களுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் முதலில். 32-இல் தண்ணீர் தாங்கும் ஆக்ஸிஜன் குறையும், மீன் மூச்சு வாங்கும், பவளம் வெளுக்கும். கால் ஹெச்.பி. வாங்கி 26-இல் வையுங்கள். மூடிய அலமாரிக்குள் வைத்தால் தன் சூட்டைத் தானே திரும்ப இழுக்கும், வெளியே வையுங்கள். அதுவரை மேலே ஃபேன் ஓடட்டும். இரண்டு டிகிரி இறங்கும். கடற்கரைப் புழுக்கத்தில் அதுகூடச் சில நாள் கிடைக்காது. ஃபேன் ஓடினால் தினம் பல லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, ஆகவே உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஈடு ஊற்ற வேண்டும். ஸ்கிம்மர் வரும் வரை மீன் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தீனியைக் குறையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் சைன் வேவ்தானா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவில் பம்ப் இரைந்து சூடாகும். கரண்ட் போனால் ஓட வேண்டியது வேவ்மேக்கர் ஒன்றுதான். அதற்கு மட்டும் அந்த பிளக்கைக் கொடுங்கள்.