வகுப்பில் பேசிய அரசியலுக்கு மெமோ வந்தால்

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். தேர்தல் பத்திரத் தீர்ப்பை நடத்தும்போது ஆளுங்கட்சிகளைக் குறை சொன்னேன் என்று, மாணவர் ஒருவர் எடுத்த 40 விநாடி வீடியோவை வைத்து மெமோ கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் பேசுவதை அரசு கட்டுப்படுத்த முடியுமா?

பதில்: ஓரளவுக்குத்தான். அரசு வேலையில் சேர்ந்துவிட்டதால் அடிப்படை உரிமை போய்விடாது என்பதை காமேஷ்வர் பிரசாத் வழக்கிலேயே (1962) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சமயம், தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 உங்களுக்கும் பொருந்தும். வகுப்பில் ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்டாலோ, மாற்றுக் கருத்துள்ள மாணவருக்கு மதிப்பெண்ணில் கை வைத்தாலோ பேச்சுரிமை உங்களைக் காப்பாற்றாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றமே ரத்து செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தைப் பாடத்தின் பகுதியாக விமர்சிப்பது வேறு. எதை நடத்துவது என்பதைப் பாடத்திட்டக் குழு தீர்மானிக்கிறது. எந்தக் கருத்தைச் சொல்லலாம் என்பதையும் அரசு தீர்மானித்தால் உங்கள் துறையில் நடத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. வகுப்பறைப் பேச்சைக் கட்டுப்படுத்தவென்று புதுச் சட்டம் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் மெமோவில் எந்த விதியைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ) என்றால் சிறு தண்டனை. எழுத்துமூல விளக்கத்தோடு முடியலாம். 17(ஆ) என்றால் விசாரணை அதிகாரி, சாட்சிகள், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. விதியே இல்லாத மெமோ என்றால் வெறும் விளக்கம் கேட்கிறார்கள் என்று பொருள்.

விளக்கம் எழுதும் முன், புகாரின் நகலையும் வெட்டப்படாத முழு வீடியோவையும் எழுத்தில் கேளுங்கள். அவை கிடைக்கும்வரை அவகாசமும் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: கல்லூரி முதல்வர் சொன்னார் என்று "வருந்துகிறேன், இனி நடக்காது" என எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அந்த வரியே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் ஏறும். இன்னொரு தவறு, பேச்சுரிமை தரும் அரசியலமைப்புப் பிரிவு 19(1)(அ)வை மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவது. அதைவிடப் பாடத்திட்டத்தில் அந்த அலகின் பெயர், அன்றைய பாடக் குறிப்பு, வருகைப் பதிவேடு, வீடியோவில் விடுபட்ட முன்பின் பேச்சு ஆகியவைதான் பலம். சில மாணவர்கள் தாமாக முன்வந்து எழுதித் தந்தால் இணைக்கலாம். நீங்கள் கேட்டு வாங்காதீர்கள், மிரட்டி வாங்கியதாகத் திருப்புவார்கள்.

இந்தக் கட்டத்தில் உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம். விளக்கம் கேட்கும் நிலையில் பெரும்பாலும் ரிட் மனுவை ஏற்பதில்லை. தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டு 3 மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் இழுத்தால், அஜய் குமார் சௌத்ரி தீர்ப்பைக் (2015) காட்டி அப்போது போகலாம்.