சைக்கிள் ட்யூபுக்கு எந்த பஞ்சர் கிட் வாங்கலாம்?

கேள்வி: கியர் சைக்கிள், 700×35 டயர். கடையில் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுகிற பேட்ச், சொல்யூஷன் தடவி ஒட்டுகிற பேட்ச் என்று இரண்டு வகை கிட் வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது? போன தடவை சொல்யூஷன் போட்டு ஒட்டியது நாலே நாளில் கழன்றுவிட்டது.

பதில்:

சொல்யூஷன் கிட்டையே வாங்குங்கள். ஸ்டிக்கர் பேட்ச் வீடு போய்ச் சேர மட்டும்தான்.

முதலில் ஒரு சந்தேகம். கழன்றது பழைய பேட்ச்தானா? ட்யூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். குமிழி பேட்சின் ஓரத்திலிருந்து வந்தால் ஒட்டியதில் கோளாறு. பக்கத்தில் வேறு இடத்திலிருந்து வந்தால், போன தடவை குத்திய முள் இன்னும் டயருக்குள்ளேயே இருக்கலாம். பழைய துணி ஒன்றை டயரின் உட்புறம் ஒரு சுற்று இழுத்தால் முள் துணியில் மாட்டும். வெறும் விரலால் தேடினால் விரலில் மாட்டும். ஓட்டை ட்யூபின் ரிம் பக்கம் இருந்தால் முள் காரணமல்ல. ரிம்மின் ஸ்போக் ஓட்டைகளை மூடும் பட்டையான ரிம் டேப் விலகி ஸ்போக் ஓட்டையின் விளிம்போ ஸ்போக் முனையோ குத்தியிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள்.

இனி கிட். பெட்டியில் எத்தனை பேட்ச் என்று எண்ணி வாங்காதீர்கள். பேட்சின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல பேட்ச் நடுவில் கருப்பாகவும் சற்றுத் தடிமனாகவும் இருக்கும். சுற்றிலும் ஆரஞ்சு நிற ஓரம் தோசை ஓரம் மாதிரி மெலிந்துகொண்டே போகும். ஜெர்மனியின் ரெமா டிப் டாப் பேட்ச் இந்த வகைக்கு நல்ல உதாரணம். அடியில் இருக்கும் அந்த மென்மையான ரப்பர்தான் சொல்யூஷனோடு வினைபுரிந்து ட்யூபோடு ஒன்றாகிவிடும். மலிவுக் கிட்டில் அழிரப்பரை நறுக்கியது போல ஒரே தடிமனில் சதுரத் துண்டுகள் இருக்கும். அந்தத் தடித்த ஓரம் டயரில் உரசி உரசி மூலையிலிருந்து எழும்பும்.

உங்கள் டயருக்கு 25 மில்லிமீட்டர் வட்டப் பேட்ச் போதும். மெல்லிய ரேஸ் ட்யூபுக்கு 16 மில்லிமீட்டர். அதில் பெரிய பேட்ச் ட்யூபைச் சுற்றிக்கொண்டு மடங்கும். இரட்டை ஓட்டைக்கென்று நீள்வட்டப் பேட்ச் ஒன்றிரண்டு இருந்தால் நல்லது.

அடுத்து சொல்யூஷன் ட்யூப். கிட் பெரும்பாலும் வீணாவது இதனால்தான். ஒருமுறை வாயைத் திறந்துவிட்டால் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே இருக்கும் கரைப்பான் சில மாதங்களில் ஆவியாகிவிடும். ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் அமுக்கினால் வெறும் காற்றுதான் வரும். அதனால் பெரிய ட்யூப் ஒன்றைவிட ஐந்து கிராம் ட்யூப் இரண்டு மூன்று மேல். கடையிலேயே லேசாக அமுக்கிப் பாருங்கள். உள்ளே கூழ் நகர்வது கையில் தெரிய வேண்டும்.

தேய்ப்பதற்கு உப்புத்தாள் போதும். சில கிட்டில் வரும், தேங்காய்த் துருவி மாதிரி ஓட்டை போட்ட தகரத்தைத் தூக்கிப் போடுங்கள். அது ட்யூபில் கோடு கோடாகக் கீறும். அந்தக் கோடு வழியே காற்று பேட்சுக்கு அடியில் ஊர்ந்து வெளியேறும்.

சரியான கிட்டில் ஒட்டிய பேட்சும் கழல்வது அவசரத்தால். பேட்சைவிடப் பெரிய வட்டமாக, பளபளப்பு போய் மங்கலாகும்வரை தேய்க்க வேண்டும். ட்யூபின் நீளவாக்கில் ஓடும் அச்சுக் கோடு அந்த இடத்தில் முழுக்க மட்டமாக வேண்டும். ஒட்டியது கசிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் கோட்டைத்தான். பிறகு சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஈரப் பளபளப்பு அடங்கும்வரை பேட்ச் வைக்கக் கூடாது. சாதாரணக் கோந்து ஈரமாக இருக்கும்போது ஒட்டும், இது காய்ந்தபிறகுதான் ஒட்டும். வாயால் ஊதாதீர்கள், விரலால் தொட்டும் பார்க்காதீர்கள். பேட்சின் அடித்தாளை உரித்து, அந்தப் பக்கத்தில் கை படாமல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு டயரை நெம்பிக் கழற்றும் லீவரின் முதுகால் ஒரு நிமிடம் அழுத்தித் தேய்க்கவும். மேலே உள்ள கண்ணாடித்தாளை உரித்தே ஆக வேண்டும் என்றில்லை. உரிப்பதானால் நடுவில் கிழித்து வெளிப்பக்கமாக இழுங்கள். ஓரத்திலிருந்து இழுத்தால் பேட்சும் கூடவே வரும். சுற்றி மிஞ்சிய சொல்யூஷன்மேல் கொஞ்சம் முகப்பவுடர் தூவிவிட்டால் ட்யூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

ஸ்டிக்கர் பேட்சில் இந்த வினையெல்லாம் இல்லை, வெறும் பசைதான். டயருக்குள் இருக்கும்வரை காற்றழுத்தம் அதைப் பிடித்து வைத்திருக்கும். வெயிலில் பசை இளகி நகரும், ட்யூப் விரிகிற அளவுக்கு அது விரியாது. அதனால் ஒட்டிவிட்டு வெளியே காற்றடித்துச் சோதிக்காமல், டயருக்குள் போட்டபிறகுதான் அடிக்க வேண்டும். பார்க் டூல் ஜிபி-2 பெட்டியில் இப்படி ஆறு பேட்ச் வரும். சட்டைப்பைக்குள் அடங்கும், காய்ந்துபோக அதில் சொல்யூஷனும் இல்லை. அவசரத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

வால்வின் அடியில் கிழிந்தால் எந்தக் கிட்டும் உதவாது, ட்யூபை மாற்றுங்கள். ரப்பருக்குப் பதில் ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த டிபியு ட்யூபுக்குத் தனிப் பேட்ச் உண்டு, இந்தக் கிட் ஆகாது. பெவிக்விக் போன்ற பசை இறுகி விறைத்து, ட்யூப் வளையும்போது வெடித்துவிடும்.

வீட்டில் கியர் இல்லாத பழைய மாடல் சைக்கிளும் இருந்தால், அதன் வால்வின்மேல் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாயான வால்டியூப் ஒரு சாண் வாங்கிக் கிட்டிலேயே போட்டுவையுங்கள். அந்த வகை வால்வில் காற்று இறங்கினால் பல நேரம் பஞ்சரே இருக்காது. வால்வ் வாயில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா பார்த்துவிட்டு, அப்புறம் சக்கரத்தைக் கழற்றுங்கள்.

நெடுந்தூரம் போகும்போது பையில் ஒரு மாற்று ட்யூப், இரண்டு பிளாஸ்டிக் லீவர், இந்தக் கிட், ஒரு கைப் பம்பு. ரோட்டில் ட்யூபை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டையானதை வீட்டு நிழலில் நிதானமாக ஒட்டிக்கொள்ளலாம்.