பரணில் கிடக்கும் தேன்பெட்டிகளை மறுபடி இறக்கலாமா?

கேள்வி: குமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் எங்களுக்கு 60 சென்ட் ரப்பரும் கொஞ்சம் தென்னையும் வாழையும் இருக்கின்றன. அப்பா ஒரு காலத்தில் 40 பெட்டி தேனீ வைத்திருந்தார். தொண்ணூறுகளில் நோய் வந்து எல்லாம் போயிற்று, அதோடு விட்டுவிட்டார். வெளியூர் வேலையை விட்டு ஊர் திரும்பியிருக்கும் நான் 20 பெட்டியோடு தொடங்கலாம் என்று பார்க்கிறேன். அப்பா வேண்டாம் என்கிறார், மனைவிக்குக் கொட்டும் என்ற பயம். பழைய பெட்டிகள் பரணில் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள், ஆனால் 20 பெட்டி வேண்டாம். இரண்டு போதும், மிஞ்சிப்போனால் மூன்று.

முதலில் அப்பாவின் பயத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அது வெறும் வயதானவர் பயம் இல்லை. 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்க, நாம் பெட்டியில் வளர்க்கும் நாட்டுத் தேனீயான அடுக்குத் தேனீயை அழித்தபோது மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் தேனையே நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு போயிற்று. பெட்டியின் கீழ்த்தட்டில், தேனீ குஞ்சு வளர்க்கும் புழு அறையில், புழுக்கள் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும், இடுக்கியால் எடுத்தால் தண்ணீர் நிரம்பிய பை மாதிரி வரும். அதைக் கண்ணால் பார்த்தவர் அவர். இந்த நோய் இப்போதும் இருக்கிறது, இதற்கு மருந்து கிடையாது. ஆனால் அன்று தப்பிப் பிழைத்த கூட்டங்களின் வழி வந்த தேனீக்கள் ஓரளவு தாங்குகின்றன. அதனால் கூட்டம் வாங்கும்போது விலையைப் பார்க்காமல், உங்கள் பகுதியிலேயே பல வருடம் நோயில்லாமல் வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் அவருக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பரணில் இருக்கும் பெட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள். பழைய அடை ஏதாவது ஒட்டியிருந்தால் எரித்துவிடுங்கள், அதில் அடையைத் தின்னும் மெழுகுப் பூச்சி இருக்கலாம். பலகை உளுத்துப் போகாமல் இருந்தால் உள்பக்கம் சுரண்டி, லேசாகத் தீயில் காட்டி, இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். அப்புறம் உள்ளே தேன்மெழுகைத் தேய்த்து ஒன்றிரண்டை மரக்கிளையில் நிழலாக வைத்துப் பாருங்கள், கூட்டங்கள் பிரிகிற பருவத்தில் தானாகவே வந்து குடியேறவும் வாய்ப்பு உண்டு.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். எல்லோரும் மாசி, பங்குனியை மனதில் வைத்துத்தான் தேனீ வளர்க்க வருகிறார்கள். ரப்பர் இலை உதிர்ந்து புதுக் கொழுந்து விடும்போது இலைக்காம்பு நுனியில், மூன்று இலையும் சேருமிடத்தில் தேன் ஊறும், அந்த இரண்டு மூன்று மாதம் பெட்டி நிறையும். ஆனால் உங்கள் கூட்டம் நிலைக்குமா என்பதை முடிவு செய்வது அதற்குப் பிறகு வரும் மழைக்காலம். ஜூன் தொடங்கிவிட்டால் வெளியே தேன் கிடைக்காது, தேனீ நனைந்துகொண்டு போகவும் முடியாது. பெட்டிக்குள் இருப்பும் இல்லையென்றால் நம்முடைய தேனீ காத்திருக்காது, ராணியோடு மொத்தமாகக் கிளம்பிவிடும். பெட்டியைத் திறந்தால் வெறும் அடைதான் இருக்கும். பலர் முதல் வருடத்தோடு விட்டுவிடுவது இதனால்தான்.

அதனால் சீனிப்பாகு கொடுக்கச் சோம்பல் படாதீர்கள். ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர், சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில், வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் வையுங்கள். சிந்தினால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வந்துவிடும், எறும்பும் வரும். பெட்டியைத் தாங்கும் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். கூட்டம் சிறுத்துப் போனால் தேனீ மூடாத அடைகளை எடுத்துவிடுங்கள், காலியாக விட்ட அடையில்தான் மெழுகுப் பூச்சி முட்டையிடும். தேன் வரத்து தொடங்கும்போது பாகை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் எடுப்பது சீனித்தண்ணீர் கலந்த தேன்.

இந்த ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கூட்டம் வாங்கினால் ரப்பர் கொழுந்து விடும் பருவத்துக்குள் அது பலம் பிடித்துவிடும். மேல்தட்டில் இருக்கும் தேன் அறையில் இருந்து மட்டும் தேன் எடுங்கள், அதுவும் அடையில் முக்கால்வாசி மெழுகு மூடிய பிறகு. ரப்பர் தேனில் இயல்பாகவே ஈரம் அதிகம், அவசரப்பட்டு எடுத்தால் புளித்துப் போகும். புழு அறையில் இருக்கும் தேனைத் தொடவே வேண்டாம், அது அவற்றின் மழைக்காலச் சாப்பாடு. கொழுந்து நேரத்தில் மழை பெய்து வரத்து கெட்டால், அந்த வருடம் தேன் இல்லை என்று விட்டுவிடுங்கள். இரண்டு பெட்டியோடு இதைத் தாங்க முடியும், கடன் வாங்கி 20 வைத்தால் முடியாது. ஒரு மழைக்காலம் தாண்டிய கூட்டத்தைப் பிரித்தே நீங்கள் பெருக்கிக்கொள்ளலாம், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

உங்கள் மனைவியின் பயத்துக்கு வருகிறேன். வாசல், கிணற்றடி, துணி காயப்போடும் இடம் எதற்கும் எதிரே பெட்டி வாயில் இருக்கக் கூடாது. வீட்டைவிட்டுத் தள்ளி, ரப்பர் நிழலில், வாயில் கிழக்கே பார்த்து வையுங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு குளவியோ தேனீயோ கொட்டி மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு வந்திருந்தால் மருத்துவரைப் பார்த்துப் பேசாமல் பெட்டி வைக்காதீர்கள். பக்கத்து வாழைத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவரிடமும் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், அடிப்பதற்கு முந்தின நாள் தகவல் தந்தால் போதும், அன்று பெட்டியை அடைத்து வைத்துக்கொள்ளலாம்.